முதல் சீசனில் மின்னிய ஷூட்டர் நிலைத்து நிற்பாரா? மூன்று புள்ளிக் கணக்கைப் படிக்கும் முறை

அமெரிக்கக் கூடைப்பந்தில், கல்லூரியை முடித்து வந்த ஒரு புது வீரர் முதல் சீசனிலேயே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 44 சதவீதம் போடுகிறார். மூன்று புள்ளி ஷாட்டுக்குப் பேர்போன ஸ்டெஃபன் கரியைப் போல இன்னொருவர் வந்துவிட்டார் என்று பேச்சு கிளம்புகிறது. மறு சீசனில் அது 38-க்கு இறங்கினால், போன வருஷம் போட்டதெல்லாம் அதிர்ஷ்டம் என்று அதே ஆட்கள் சொல்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. 44 போட்டவர் 38-க்கு வருவது பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று, அதனால் அவர் மோசமான ஷூட்டர் ஆகிவிடுவதில்லை. அதே மாதிரி ஷாட்கள் அவருக்குத் தொடர்ந்து கிடைக்குமா, அவற்றைப் போட அவர் களத்தில் இருப்பாரா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது இரண்டும் கண்ணில் படாது.

முதலில் அடிப்படை. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு வளைவில் 23 அடி 9 அங்குலம், அதாவது 7.24 மீட்டர். இரண்டு மூலைகளில் 22 அடி, 6.70 மீட்டர். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, அதாவது நம் ஊர் ஆடுகளங்களிலும் ஒலிம்பிக்கிலும், வளைவு 6.75 மீட்டர், மூலை 6.60 மீட்டர். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டமும் 2019-20 முதல் ஃபிபா அளவுக்கு மாறிவிட்டது. ஆக, கல்லூரியிலிருந்து என்பிஏவுக்குப் போகிறவர் ஏறக்குறைய அரை மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும்.

என்பிஏவில் சமீப ஆண்டுகளின் சராசரி 36 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. நூறு ஷாட்டில் 36 உள்ளே போனால் 108 புள்ளி. இரண்டு புள்ளி ஷாட்டில் அதே 108 வேண்டுமானால் 54 சதவீதம் போட வேண்டும். தூரத்திலிருந்து நன்றாகப் போடுகிறவருக்கு அணிகள் இவ்வளவு பணம் கொடுப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எத்தனை ஷாட் போட்டார் என்று முதலில் கேளுங்கள்

ஒரு வீரரின் உண்மையான திறன் 37 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சீசனில் அவர் 150 ஷாட் போடுகிறார். உள்ளே போக வேண்டியது 55 அல்லது 56. ஆனால் எந்தத் தவறும் செய்யாமலேயே, வெறும் தற்செயலால், இது ஆறு ஷாட் மேலோ கீழோ நகர்வது சாதாரணம். பன்னிரண்டு வரை நகர்வதும் நடக்கும். அதாவது அதே மனிதர், அதே கை, அதே உழைப்பு, ஆனால் சீசன் முடிவில் பலகையில் 29-உம் வரலாம், 45-உம் வரலாம். லீக்கில் இப்படிப்பட்ட 37 சதவீத வீரர்கள் 30 பேர் இருந்தால், பெரும்பாலான சீசன்களில் அவர்களில் ஒருவராவது 44-ஐத் தொட்டுவிடுவார். அவரைத்தான் நாம் புதிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிறோம்.

ஷாட் எண்ணிக்கை கூடக் கூட இந்த ஆட்டம் அடங்கும். 600 ஷாட்டில் வழக்கமான விலகல் இரண்டு சதவீதப் புள்ளிதான். மூன்று புள்ளிச் சதவீதத்தில் பாதிக்கு மேல் திறனைக் காட்டத் தொடங்க சுமார் 750 ஷாட் தேவை என்பது கூடைப்பந்துப் புள்ளிவிவரக்காரர்களிடம் நெடுநாளாகப் புழங்கும் எண். நிறைய ஷாட் போடும் புது வீரருக்கு அது ஒன்றரை, இரண்டு சீசன். பெஞ்சிலிருந்து வருகிறவருக்கு நான்கு சீசன்கூட ஆகும்.

ரீட் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காக 144 ஷாட்டில் 75 போட்டார், 52.1 சதவீதம். கேட்டாலே வாய் பிளக்கும் எண். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவரை 2024 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவதாக எடுத்தது. முதல் என்பிஏ சீசனில் 33.8 சதவீதம். ஆனால் அந்த சீசனில் அவர் போட்ட ஷாட்களும் ஏறக்குறைய 140தான். அவர் 52 சதவீத வீரரும் இல்லை, 34 சதவீத வீரரும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 43-ஐ ஒட்டி வருகிறது, அதிலும் பாதி கிட்டத்திலிருந்து போட்டது. இரண்டு எண்ணும் தனித்தனியே எதையும் நிரூபிக்கவில்லை.

கையால் போடக்கூடிய ஒரு கணக்கு

குறைந்த ஷாட் போட்டவரின் எண்ணை நம்பத் தகுந்ததாக்க எளிய வழி ஒன்று உண்டு. அவர் போட்ட ஷாட்களோடு, சராசரி வீரர் போட்டதாக 250 ஷாட்டைச் சேர்த்துவிடுங்கள். சராசரி 36 சதவீதம் என்பதால் 250-இல் 90 உள்ளே போனதாகக் கொள்ள வேண்டும்.

புது வீரர் 180-இல் 80 போட்டிருந்தால் பலகையில் 44.4. கணக்குப்படி 80-உம் 90-உம் 170. 180-உம் 250-உம் 430. வகுத்தால் 39.5. அடுத்த சீசனுக்கு நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். 250 என்பது கல்லில் செதுக்கிய எண் அல்ல, 200 வைத்தாலும் 300 வைத்தாலும் விடை பெரிதாக மாறாது. ஷாட் எண்ணிக்கை குறைவாக இருந்தால் சராசரி அவரைப் பலமாக இழுக்கும், அதிகமாக இருந்தால் அவருடைய சொந்த எண்ணே ஓங்கும். அது நமக்கு வேண்டிய குணம்தான்.

இதை டங்கன் ராபின்சன் மீது வைத்துப் பார்க்கலாம். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத வீரர். மயாமி ஹீட் அணிக்காக 2018-19இல் 35 ஷாட்டில் 10 போட்டார், 28.6 சதவீதம். அந்த 35 ஷாட்டை மட்டும் பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? அடுத்த சீசனில் 606-இல் 270 போட்டார், 44.6 சதவீதம். இரண்டு சீசனையும் சேர்த்து நம் கணக்கைப் போட்டால் 41.5 வருகிறது. 2020-21இல் அவர் உண்மையில் போட்டது 612-இல் 250, அதாவது 40.8. நாலு புள்ளி விழுந்துவிட்டார் என்று பேசப்பட்ட சீசன் அது. கணக்கு தெரிந்தவருக்கு அதில் வியப்பே இல்லை, அது இன்னும் மிகச் சிறந்த ஷூட்டரின் எண்.

ஆனால் கணக்கு எப்போதும் காப்பாற்றாது. சாக்ரமென்டோ கிங்ஸின் கீகன் மரே 2022-23இல் 206 மூன்று புள்ளி ஷாட்டை உள்ளே போட்டார். முதல் சீசன் வீரர் ஒருவர் அதுவரை அவ்வளவு போட்டதில்லை. டொனோவன் மிட்செலின் 187-ஐத் தாண்டிய சாதனை அது, சதவீதமும் 41.1. நம் கணக்குப்படி எதிர்பார்ப்பு 39.4. வந்ததோ 35.8, அதற்கடுத்த சீசனில் 34.3. இந்த இடைவெளியைத் தற்செயல் மட்டும் விளக்காது. அவருடைய வேலை மாறியது, அதைக் கீழே பார்ப்போம். சுவையான செய்தி என்னவென்றால், இந்த 35.8 சீசனில்தான், 2023 டிசம்பர் 16 அன்று யூட்டா ஜாஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 மூன்று புள்ளி ஷாட் போட்டார், முதல் 11-ஐத் தவறவே விடாமல். ஓர் இரவை வைத்து ஷூட்டரை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்

ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எப்போதும் 15 அடி. எதிரே கை நீட்ட ஆள் இல்லை, ஓடி வந்து வாங்க வேண்டியதில்லை. அதனால் கையின் சுத்தத்தை அது நேராகக் காட்டுகிறது, தற்செயலின் பங்கும் குறைவு. கல்லூரியில் 45 சதவீதம் மூன்று புள்ளி, 68 சதவீதம் ஃப்ரீ த்ரோ என்று ஒருவர் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். 35 சதவீதமும் 88 சதவீதமும் கொண்டவர் வந்தால் அவர் மீது பந்தயம் கட்டலாம். கரியின் முதல் சீசன் ஃப்ரீ த்ரோ 88.5. மூன்று புள்ளி 380-இல் 166, அதாவது 43.7. இரண்டு எண்ணும் ஒரே கதையைச் சொன்னதால் அது நம்பத் தகுந்த தொடக்கமாக இருந்தது. மரேயின் முதல் சீசன் ஃப்ரீ த்ரோ 80-க்குக் கீழே. அது மட்டுமே தீர்ப்பு அல்ல, ஆனால் 41.1-ஐப் பார்த்து மயங்கியவர்கள் அதையும் ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும்.

இதிலும் எண்ணிக்கை முக்கியம். தூரத்திலேயே நிற்கும் ஷூட்டர்கள் ஆட்டத்துக்கு ஒன்று இரண்டு ஃப்ரீ த்ரோதான் போடுவார்கள். அதனால் கல்லூரிக் கணக்கையும் சேர்த்தே பாருங்கள்.

எந்த மாதிரி ஷாட்கள்?

இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. 40 சதவீதம் என்ற ஒரே எண்ணுக்குள் பல வகை ஷாட்கள் ஒளிந்திருக்கின்றன. மூலையில் நின்று பந்து வரும்வரை காத்திருந்து போடுவது ஒன்று. ஸ்கிரீனை, அதாவது தடுப்பாளரை மறிக்க உடலைக் குறுக்கே வைத்து நிற்கும் அணித் தோழரை, சுற்றி ஓடிவந்து, உடல் திரும்பிக்கொண்டிருக்கும்போதே வாங்கிப் போடுவது இன்னொன்று. தானே டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி நகர்ந்து, பின்வாங்கிப் போடுவது மூன்றாவது. முதலாவது எளிது, ஆனால் அது அணித் தோழர்கள் ஆக்கிக் கொடுப்பது. நல்ல பாஸ் கொடுப்பவர் வேறு அணிக்குப் போய்விட்டால் அந்த ஷாட்டும் கூடவே போய்விடும்.

என்பிஏ வெளியிடும் கணக்கில், ஷாட் போடும் நொடியில் தடுப்பாளர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று பிரித்திருப்பார்கள்: 2 அடிக்குள், 2 முதல் 4, 4 முதல் 6, 6 அடிக்கு மேல். இளம் ஷூட்டரின் முதல் சீசன் ஷாட்களில் பெரும் பகுதி 6 அடிக்கு மேல் என்ற கட்டத்தில் இருந்தால், எதிரணிகள் இன்னும் அவரைக் கவனிக்கவில்லை என்று பொருள். கவனிக்கத் தொடங்கும் நாள் வரும். ஒரு புதுப் பேட்ஸ்மேன் முதல் தொடரில் வெளுத்து வாங்கிய பிறகு பந்துவீச்சாளர்கள் வீடியோவோடு உட்காருவது போலத்தான் இதுவும்.

அப்போது எதிரணி என்ன செய்யும்? முதல் வேலை, அவரைக் காக்கும் தடுப்பாளரை உதவிக்கு அனுப்புவதை நிறுத்துவது. வேறு யார் வளையத்தை நோக்கிப் பாய்ந்தாலும் இந்தத் தடுப்பாளர் நகர மாட்டார். இரண்டாவது, ஸ்கிரீனுக்கும் ஷூட்டருக்கும் நடுவே போய் நின்று, அவர் ஓடிவர நினைக்கும் பாதையையே அடைப்பது. மூன்றாவது, ஸ்கிரீன் வரும்போது இரு தடுப்பாளர்களும் ஆளை மாற்றிக்கொள்வது. துரத்த வேண்டிய அவசியமே இல்லாததால் ஷூட்டருக்குக் கிடைக்கும் அரை நொடி காணாமல் போகிறது. நான்காவது, பந்து அவர் கைக்குப் போனதும் கையை உயர்த்திக்கொண்டு வேகமாகப் பாய்ந்து, போட விடாமல் டிரிபிள் செய்ய வைப்பது. கோட்டுக்கு உள்ளே வந்து அவர் எதையாவது செய்யட்டும், மூன்று புள்ளி மட்டும் வேண்டாம் என்ற கணக்கு.

ராபின்சன் 2019-20இல் உச்சம் தொட்டது பெரிதும் அணித் தோழர் பாம் அடேபாயோவுடன் ஆடிய ஹேண்ட்-ஆஃப் ஆட்டத்தால். அடேபாயோ பந்தோடு நிற்பார், ராபின்சன் முழு வேகத்தில் அவரைச் சுற்றி ஓடி, கையிலிருந்து பந்தை வாங்கி, அடுத்த கணமே மேலே எழும்புவார். துரத்தி வரும் தடுப்பாளர் அடேபாயோவின் உடலில் மாட்டிக்கொள்வார். எதிரணிகள் மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கின. 2021-22இல் 624-இல் 232, 37.2 சதவீதம்.

இதற்கு எதிர்மருந்தும் உண்டு. அது இருக்கிறதா என்பதுதான் இளம் ஷூட்டரிடம் தேட வேண்டிய முதல் அடையாளம். பாதையை அடைத்து மேலே நின்றால், முதுகுப் பக்கமாக வளையத்துக்கு வெட்டி ஓட வேண்டும். இரண்டு தடவை அப்படி வளையத்தடியில் எளிய லே-அப் ஷாட் கிடைத்துவிட்டால் தடுப்பாளர் மீண்டும் பின்னால் வருவார். ஆளை மாற்றிக்கொண்டால், ஸ்கிரீன் போடுவது போல வந்து போடாமலேயே வெளியே நழுவ வேண்டும். பாய்ந்து வந்தால் ஒரே ஒரு டிரிபிள், பக்கவாட்டில் ஓர் எட்டு, மீண்டும் ஷாட். அல்லது இரண்டு டிரிபிள் உள்ளே போய், உதவிக்கு வந்தவர் விட்டுவந்த ஆளுக்குப் பாஸ். பாஸ் கொடுத்த பின் நின்று வேடிக்கை பார்க்காமல் இரண்டு எட்டு நகர்ந்து புது இடத்தில் நிற்பது மிக மலிவான எதிர்மருந்து, ஆனால் இளம் வீரர்கள் பலரும் மறப்பது அதைத்தான். ராபின்சன் இவற்றைக் கற்றுக்கொண்டார். 2023-24இல் வளையத்தை நோக்கிப் போவதும் பாஸ் கொடுப்பதும் அவர் ஆட்டத்தில் தெளிவாகக் கூடின, சதவீதமும் 39.5-க்குத் திரும்பியது.

மரேயின் கதையில் வேலை மாறியது என்றேனே, அது இது. இரண்டாவது சீசன் முதல் கோட்டுக்கு வெளியே ஆடும் எதிரணியின் சிறந்த வீரரைத் தடுக்கும் பொறுப்பு அவர் தலையில் ஏறியது. ஆட்டம் முழுக்க ஒரு நட்சத்திரத்தைத் துரத்திய கால்களோடு மறுபக்கம் வந்து ஷாட் போட வேண்டும். சதவீதம் இறங்கியது, அணிக்கு அவருடைய மதிப்பு இறங்கவில்லை. எண் விழுந்தவுடன் ஷூட்டர் கெட்டுப்போனார் என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மறுபக்கம், ஷாட் எண்ணிக்கையும் கடினமும் கூடியும் சதவீதம் அசையாமல் நிற்பது மிக உறுதியான நல்ல அடையாளம். கரி முதல் சீசனில் 380 ஷாட், 2012-13இல் 600, 2015-16இல் 886. சதவீதம் முறையே 43.7, 45.3, 45.4. இப்படி ஒரு வரிசை அபூர்வம். அதை அளவுகோலாக வைத்து இருபது வயதுப் பையன்களை அளப்பது அநியாயம்.

கால், கோணம், களைப்பு

வளையத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 45.7 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து விழும் பந்துக்குத்தான் முழு வளையமும் திறந்திருக்கும். சாய்வாக வரும் பந்துக்கு வாசல் குறுகும். 45 பாகைச் சாய்வில் இறங்கினால் பந்தின் கண்ணுக்கு வாசல் 32 செ.மீ., 35 பாகையில் 26 செ.மீ., 32 பாகைக்கு வந்தால் பந்து நுழைவதே கஷ்டம். தட்டையாகப் போடுகிறவர் ஒரு நல்ல மாதத்தில் 45 சதவீதம் போடலாம், ஆனால் பிழைக்கு இடமே இல்லாத ஷாட் அது. அதற்காக வானத்துக்குப் போடுவதும் சரியில்லை, தூரம் தவறும். 45-ஐ ஒட்டிய இறக்கமும், வளையத்தின் நடுவைவிட ஐந்து செ.மீ. பின்னால் விழும் ஆழமும் பயிற்சியாளர்கள் தேடுவது.

இந்த உயரத்தைக் கொடுப்பது கை அல்ல, கால். களைத்த காலில் வளைவு முதலில் தாழும், ஷாட் முன்பக்கக் கம்பியில் இடிக்கும். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், சீசனுக்கு 35 ஆட்டம் அல்லது கொஞ்சம் கூட. என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், 82 ஆட்டம், நடுவே விமானப் பயணம். முதல் சீசன் வீரரின் கணக்கை டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்று பிரித்துப் பாருங்கள். பிப்ரவரிக்குப் பிறகு குறுகிய தவறல்கள் கூடினால் அது திறன் குறைவு அல்ல, உடல் தயாரிப்பின் குறைவு, ஒரு கோடை விடுமுறையில் சரி செய்யக்கூடியது.

காயத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ராபின்சன் 2022-23இல் 32.8-க்கு விழுந்த சீசனில் எறியும் கையின் விரலில் அறுவை செய்துகொண்டார். சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குத் திரும்பியபோது 40-க்கு மேல் போட்டார். புரூக்ளின் நெட்ஸின் ஜோ ஹாரிஸ் 2018-19இலும் 2020-21இலும் லீக்கிலேயே முதலிடம், 47.4, 47.5. 2021 நவம்பரில் கணுக்காலில் அடிபட்டு இரண்டு அறுவை. திரும்பி வந்து 2022-23இல் 42.6 போட்டார், கை அப்படியே இருந்தது. ஆனால் ஆளைத் துரத்தும் கால் பழையபடி இல்லை, நிமிடங்கள் சுருங்கின.

களத்தில் இருக்க முடியுமா?

ஷூட்டர்களின் வாழ்க்கை பெரும்பாலும் முடிவது எறியும் கையால் அல்ல, தடுப்பாட்டத்தால். ஒரு சிறு கணக்கு: ஆட்டத்துக்கு ஆறு மூன்று புள்ளி ஷாட் போடும் வீரர் 38-க்குப் பதில் 44 சதவீதம் போட்டால் அணிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஆட்டத்துக்கு 1.08 புள்ளி. இப்போது எதிரணி வேண்டுமென்றே, இவர் காக்கும் ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீன் போட வைத்து, இவரைத் தன் நட்சத்திரத்தின் எதிரே நிறுத்துகிறது என்று வையுங்கள். அப்படி 15 தடவை, ஒவ்வொன்றிலும் சராசரியாக 0.1 புள்ளி கூடுதலாகப் போனால் இழப்பு 1.5. கைராசி கொடுத்ததைவிடக் கால் இழந்தது அதிகம். சாதாரண சீசனில் எதிரணிகள் இதற்கு மெனக்கெடுவதில்லை. பிளே-ஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை என்பதால் இது மட்டுமே நடக்கும்.

2022 பிளே-ஆஃப் முதல் ஆட்டத்தில் அட்லான்டாவுக்கு எதிராக ராபின்சன் ஒன்பதில் எட்டு மூன்று புள்ளி போட்டு 27 புள்ளி எடுத்தார். சில வாரங்களில் அவர் ஆட்டக்காரர் வரிசையிலேயே இல்லை. ஐந்து ஆண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓரளவு தடுத்தாடவும் செய்த மேக்ஸ் ஸ்ட்ரூஸ் அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

ஆன்டனி மாரோவும் இதே வகை. 2008-09இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்த, டிராஃப்டில் எடுக்கப்படாத முதல் சீசன் வீரர், 46.7 சதவீதத்தோடு லீக்கில் முதலிடம். அடுத்த சீசன் 45.6, அதற்கடுத்து 42.3. ஒன்பது சீசன் ஆடி, மொத்தத்தில் 41.7. கை கடைசிவரை ஏமாற்றவில்லை. இருந்தும் அணி அணியாக மாறிக்கொண்டே இருந்தார், ஏனென்றால் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது. பாஸ்டனின் சாம் ஹவுசரை இவரோடு ஒப்பிடலாம். அவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். முதல் நான்கு சீசன் 43.2, 41.8, 42.4, 41.6. எதிரணிகள் அவரையும் இழுத்து நிறுத்திப் பார்த்தன. அவர் வேகமானவர் இல்லை, ஆனால் 2 மீட்டரை ஒட்டிய உயரத்தோடு காலை நகர்த்தி முன்னால் நிற்பார், ஏமாந்து தாவ மாட்டார், தேவையில்லாமல் ஃபவுல் செய்ய மாட்டார். 2024 சாம்பியன் அணியில் அவருக்கு நிலையான இடம் இருந்தது. இளம் ஷூட்டர் பெரிய தடுப்பாளர் ஆக வேண்டியதில்லை. எதிரணி தேடிப்பிடித்து அடிக்கும் ஆளாக இல்லாமல் இருந்தால் போதும்.

பயிற்சியில் என்ன குறித்து வைப்பது

வளரும் ஷூட்டருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐந்து இடங்கள்: இரண்டு மூலை, இரண்டு பக்கவாட்டு, நடு உச்சி. ஒவ்வொன்றிலும் ஓடிவந்து வாங்கிப் பத்து ஷாட், ஆட்ட வேகத்தில். பத்து முடிந்ததும் மூச்சு வாங்கும் முன்பே இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டு சுற்றில் 100 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ. வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் ஒரு மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிய கணக்கு கையில் இருக்கும். நின்ற இடத்தில் நின்று போடும் ஷாட்டை இதில் சேர்க்காதீர்கள். தனியே நின்று நூற்றுக்கு எழுபது எண்பது போடும் தொழில்முறை வீரர்கள் ஆட்டத்தில் 38 போடுவது சகஜம்.

உள்ளே போனதைவிடத் தவறியதைக் கவனமாகக் குறியுங்கள்: முன்னால் இடித்ததா, பின்னால் இடித்ததா, இடமா, வலமா. முன்னால் இடிப்பவை பெரும்பான்மை என்றால் கால் களைப்பு, அல்லது முழங்காலை மடக்காமல் வாங்குவது. முன்னும் பின்னும் சம அளவில் தவறினால் தூரக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை, ஆனால் திசை சரி, அது நல்ல செய்தி. இடம் வலம் தவறுவதுதான் கெட்ட செய்தி. பெரும்பாலும் தாங்கும் கையின் கட்டைவிரல் பந்தைத் தள்ளுகிறது, அல்லது ஓடிவந்த திசையிலேயே உடல் சாய்ந்தபடி எழும்புகிறது. ஒரே பக்கம் ஓடிவரும்போது மட்டும் தவறினால் கோளாறு கையில் இல்லை, வாங்குமுன் வைக்கும் உள்பாதத்தில், அதாவது வளையத்தின் பக்கமாக இருக்கும் பாதத்தில். அந்தப் பாதத்தை முதலில் ஊன்றி, இடுப்பை வளையத்துக்குத் திருப்பிய பிறகே பந்தைத் தொடும்படி மெதுவாகப் பழக்க வேண்டும்.

தூரத்தை அவசரப்பட்டுக் கூட்டக் கூடாது. 6.75-இல் தடையில்லாமல் போடுகிறவரை ஒரே நாளில் 7.24-க்குத் தள்ளினால், பந்தை இடுப்பிலிருந்து சுழற்றி எடுப்பார், முழங்கை வெளியே போகும், விடும் நேரம் நீளும். ஒரு பாதத்தின் நீளம் பின்னால் போங்கள். இரண்டு வாரம், தவறல்களின் வகை மாறவில்லை என்றால் அடுத்த பாதம். வகை மாறிவிட்டால் மீண்டும் முன்னால் வந்துவிட வேண்டும், அன்று எத்தனை உள்ளே போயிருந்தாலும் சரி.